குறிப்பும் வினாவும்: மின்னட்டை இணைந்த குறிப்பேட்டுச் செயலிகளும் தமிழ்ச் சொல்லமைப்பும்

1. முன்னுரை

கற்போர் தம் பாடக் குறிப்புகளைக் கணினியிலோ கைப்பேசியிலோ எழுதிவைத்து, அக்குறிப்புகளிலிருந்தே வினா-விடை அட்டைகளை உருவாக்கி மீள்பயிற்சி செய்ய உதவும் செயலிகள் இன்று பெருகியுள்ளன. மொழி கற்போரும் மொழிபெயர்ப்புப் பயிற்சி பெறுவோரும் இவற்றைச் சொற்றொகுதிப் பயிற்சிக்குப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். இச்செயலிகளைப் பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் நினைவாற்றல் பற்றியனவாகவோ கணினித் தொழில்நுட்பம் பற்றியனவாகவோ அமைகின்றன. ஒரு குறிப்பு வினாவாக மாறும்போது மொழியளவில் நிகழ்வது என்ன என்னும் கேள்வி போதிய கவனம் பெறவில்லை. அக்கேள்வியைத் தமிழின் சொல்லமைப்பையும் இருமொழிச் சொல்நிகரன்களையும் முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு மின்னட்டை என்பது ஆசிரியர் பயிற்சி நூல்களில் வழங்கும் பொருளிலேயே ஆளப்படுகிறது. மாணவர்முன் ஒரு கணம் காட்டி மறைக்கப்படும் அட்டையே மின்னட்டை. இச்சொல்லில் உள்ள 'மின்' என்பது மின்னி மறைதலைக் குறிப்பது, மின்சாரத்தைக் குறிப்பதன்று. குழப்பம் நேராதிருக்க, இனி இக்கட்டுரையில் அட்டை என்றே சுட்டப்படும்.

2. பின்புலம்

அட்டைப் பயிற்சியின் அறிவியல் அடிப்படை 1885இல் எர்மான் எபிங்காஸ் வெளியிட்ட நினைவாய்வில் தொடங்குகிறது. தாமே ஆய்வுக்குரியவராக அமைந்து, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, குறித்த இடைவெளிகளுக்குப் பின் அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை அவர் அளந்தார். ஒரு நாளுக்குப் பின் ஏறத்தாழ 34 விழுக்காடும், 31 நாட்களுக்குப் பின் ஏறத்தாழ 21 விழுக்காடும் உழைப்பு மிச்சமாயிற்று. மறதி தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது இதனால் புலனாயிற்று. அவர் பொருளுள்ள சொற்களை வேண்டுமென்றே விலக்கினார் என்பது மொழியியலார் நினைவிற்கொள்ளத் தக்கது.

1967இல் பால் பிம்சிலர், மொழி கற்பித்தலுக்கென்றே, 5 நொடியில் தொடங்கி 2 ஆண்டுவரை விரியும் இடைவெளி வரிசையொன்றை முன்மொழிந்தார். 1972இல் செபாஸ்டியன் லைட்னர், அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் இட்டு, விடை சரியானால் அடுத்த அறைக்கும் தவறினால் முதல் அறைக்கும் நகர்த்தும் முறையைப் பரப்பினார். போலந்து நாட்டவராகிய பியோத்தர் வோஸ்னியாக் இடைவெளிக் கணிப்பைக் கணினியிடம் ஒப்படைத்து, 1987இல் சூப்பர்மெமோவை எழுதினார். அவரது இரண்டாம் கணிப்புமுறைப்படி முதல் இடைவெளி 1 நாள். இரண்டாவது 6 நாள். அதன்பின் ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதை ஓர் எளிமைக் காரணியால் பெருக்கப் பெறப்படும். அக்காரணி 2.5இல் தொடங்கி, கற்பவர் தாமே இடும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஆங்கி என்னும் செயலி இம்முறையைத் தழுவியே பரவியது. 2023இல் வேறொரு கணிப்புமுறையும் அதில் சேர்க்கப்பட்டது.

ஆங்கியில் குறிப்பு என்பது ஒரு பதிவேடு போன்றது. சொல், பொருள், எடுத்துக்காட்டு என்னும் கட்டங்களை நிரப்பினால், அவற்றிலிருந்து அட்டைகள் பிறக்கும். பாடம் கேட்டுக்கொண்டே தொடர்ந்து எழுதும் குறிப்பேடு அதுவன்று. இக்குறையை நிரப்பவே, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில், குறிப்பையும் அட்டையையும் ஒரே வரியில் இணைக்கும் செயலிகள் தோன்றின. ரெம்நோட் இவ்வகையில் முன்மாதிரியானது. அப்சிடியன் என்னும் குறிப்பேட்டிலும் துணைநிரலொன்றைச் சேர்த்து இவ்வசதியைப் பெறலாம்.

3. முக்காற்புள்ளியின் இலக்கணம்

இவ்விரு செயலிகளிலும் அட்டை பிறக்கும் வழி மிக எளியது. ஒரு வரியின் இடையே இரட்டை முக்காற்புள்ளி இட்டால், இடப்பக்கம் வினாவாகவும் வலப்பக்கம் விடையாகவும் கொள்ளப்படும்.

குற்றியலுகரம் :: தன் மாத்திரையிற் குறைந்து ஒலிக்கும் உகரம்

தமிழறிந்தோர்க்கு இவ்வரி புதிய குறியீடாகத் தோன்றாது. இடையிலுள்ள குறியை நீக்கினால், பெயர்ப்பயனிலை கொண்ட இயல்பான தமிழ்த் தொடரே எஞ்சும். ஆங்கிலத்தில் இரு பெயர்களை இணைக்க ஒரு வினை தேவைப்படுகிறது. தமிழில் அது தேவையில்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் இக்குறியை எளிதில் கைக்கொள்கின்றனர். சிக்கலும் இங்கிருந்தே தொடங்குகிறது. பெயர்ப்பயனிலைத் தொடர் இருவேறு உறவுகளை ஒரே வடிவில் உணர்த்தும். மேற்கண்ட தொடர் ஒருமை உறவைச் சுட்டுகிறது. இரு புறமும் ஒரே பொருள். 'யானை விலங்கு' என்பதோ உள்ளடங்கல் உறவைச் சுட்டுகிறது. யானை விலங்குகளுள் ஒன்று. முன்னதைத் திருப்பிக் கேட்கலாம். பின்னதைத் திருப்பிக் கேட்டால், விலங்கு எது என்பதற்கு யானை என விடை கூற வேண்டிவரும்.

ரெம்நோட்டில் இரட்டை முக்காற்புள்ளி கருத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டு, இரு திசையிலும் வினா எழுப்பப்படுகிறது. கருத்தின் ஒரு பண்பைக் கூறும் வரிக்கு இரட்டை அரைப்புள்ளி உண்டு. அது ஒரு திசையில் மட்டுமே வினவும். அப்சிடியனின் துணைநிரலில் இரட்டை முக்காற்புள்ளி ஒரு திசைக்கும், மூன்று இட்டால் இரு திசைக்கும் உரியது. இவ்வேறுபாட்டை அறியாது எழுதுவோர் அனைத்திற்கும் ஒரே குறியை இடுகின்றனர். இலக்கண மாணவர் ஒருவர் வெவ்வேறு நாட்களில் பின்வருமாறு இரு வரிகள் எழுதுவதாகக் கொள்ளலாம்.

இல் :: ஐந்தாம் வேற்றுமை உருபு
இல் :: ஏழாம் வேற்றுமை உருபு

இரு வரிகளும் உண்மையே. ஆனால் அட்டையாகும்போது ஒரே வினாவுக்கு இரு விடைகள் நிற்கின்றன. எவ்விடையைக் கூறினாலும் ஓர் அட்டையில் தவறு விழும். கற்பவர் பலமுறை தவறிய பின், அட்டையின் தோற்றத்தையோ அது வரும் வரிசையையோ நினைவிற்கொண்டு விடையளிக்கப் பழகிவிடுவார். உருபு மயக்கத்தைப் பற்றி எதையும் கற்றிருக்க மாட்டார்.

வினாச்சொல் இல்லாமையும் கருதத்தக்கது. தமிழில் யார், எது, எங்கு, எவ்வளவு ஆகிய ஒவ்வொன்றும் விடையின் வகையை முன்கூட்டியே வரையறுக்கின்றன. முக்காற்புள்ளி அவை அனைத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. 'சூடாமணி நிகண்டு' என்று மட்டும் அட்டையில் தோன்றினால், ஆசிரியர் பெயர் கேட்கப்படுகிறதா, காலமா, பகுப்பா என்பது விளங்காது. எழுதிய நாளில் எழுதியவர் மனத்திலிருந்த வினா, சில திங்கள் கழித்து அவருக்கே தெரிவதில்லை.

4. கோடிட்ட இடமும் தமிழ்ச் சொல்லும்

இரண்டாவது அட்டைவகை, பள்ளித் தேர்வுகளில் நன்கறியப்பட்ட கோடிட்ட இடம் நிரப்பல் ஆகும். எழுதிய தொடரில் ஒரு பகுதியை இரட்டை நெளிவடைப்புக்குள் இட்டால், செயலி அப்பகுதியை மறைத்து வினவும். 1953இல் வில்சன் டெய்லர் இம்முறையை ஆங்கில உரைநடையின் எளிமையை அளக்கும் கருவியாக வடிவமைத்தபோது, சொற்களைக் குறித்த இடைவெளியில் நீக்குவதே வழியாயிற்று. சொல்லும் சொல்லும் வெற்றிடத்தால் பிரிந்து நிற்கும் மொழிக்கு இது பொருந்தும். தமிழில் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

4.1 புணர்ச்சி விடையைக் காட்டிக்கொடுத்தல்

'பூனை பாலைக் _____' என்னும் தொடரில் மறைக்கப்பட்ட சொல் ககரத்தில் தொடங்குவது என்பதை மிகுந்து நிற்கும் ஒற்றே அறிவித்துவிடுகிறது. விடை 'குடித்தது' என்றாகுமேயன்றிப் 'பருகியது' என்றாகாது. கற்பவர் சொல்லை நினைவுகூர்வதற்கு மாறாக ஒற்றைக் கொண்டு ஊகிக்கிறார். நினைவுகூரும் முயற்சியே நினைவை வலுப்படுத்துகிறது என்பதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் ஆய்வு காட்டியது. ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த தேர்வில் மீண்டும் படித்தவர்களே மேம்பட்டிருந்தனர். ஒரு வாரத்துக்குப் பின் நடந்த தேர்விலோ நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் மேம்பட்டனர். ஒற்று விடையை அறிவிக்கும் அட்டையில் இம்முயற்சி குன்றிவிடுகிறது. மிகுந்த ஒற்றையும் சேர்த்து மறைத்தால் இக்குறை நீங்கும்.

4.2 வினைமுற்று விகுதி

'_____ நேற்று வந்தாள்' என்பதில் விகுதியே திணை, பால், எண், இடம் அனைத்தையும் உணர்த்திவிடுகிறது. அதனினும் நுட்பமானது, எழுவாய் இன்றியே தமிழ்த் தொடர் நிறைவு பெறுவதாகும். 'நேற்று வந்தாள்' என்பது முழுத் தொடராதலின், கோடிட்ட இடம் உண்மையில் வெற்றிடமன்று. ஆங்கிலத்தில் எழுவாயை மறைத்தால் தொடர் குறைபடும். அக்குறையே கற்பவரைத் தூண்டும். தமிழில் அத்தூண்டல் மெலிதாக உள்ளது. எனவே எழுவாயைக் காட்டிலும் வேற்றுமை ஏற்ற பெயரையோ வினையடியையோ மறைப்பது பயன் தரும்.

4.3 எழுத்தும் உருபனும்

மூன்றாவது இடர்ப்பாடே மிக அடிப்படையானது. 'மரத்தை' என்னும் சொல்லில் இரண்டாம் வேற்றுமை உருபை மட்டும் மறைக்க வேண்டுமெனில், 'தை' என்னும் உயிர்மெய்யைப் பிளக்க வேண்டும். தகரமெய் ஒருபுறமும் ஐகார உருபு மறுபுறமும் சேரும். யூனிகோடு குறியேற்றத்தில் 'தை' என்பது அகரமேறிய தகரமும் ஐகாரக் குறியுமாகப் பதிவாகிறது. ஐகாரக் குறியை மட்டும் நெளிவடைப்புக்குள் இட்டால், எஞ்சுவது 'மரத்த்' அன்று; 'மரத்த' என்பதாகும். சொல்லில் இல்லாத ஓர் அகரம் திரையில் தோன்றுகிறது. குறியும் தனித்து நிற்க இயலாமல் புள்ளி வட்டத்தின்மீது ஏறிக் காட்சியளிக்கும். 'மரமில்லை' என்பதிலும் 'மி' என்னும் எழுத்து இரு சொற்களுக்கும் பொதுவாக நிற்பதால், இரண்டில் ஒன்றைக் குறையின்றி மறைக்க இயலாது.

இதற்கான தீர்வு தமிழிலக்கண மரபிலேயே உள்ளது. உருபனைக் கற்பிக்கும் அட்டையில் முழுச்சொல்லை வெட்டுவதை விடுத்து, பகுபத உறுப்புகளாகப் பிரித்து வினவலாம். 'மரம் + அத்து + ஐ' என்பது ஒருபுறமும் 'மரத்தை' என்பது மறுபுறமும் நின்றால், சாரியையும் மகரக் கேடும் புணர்ச்சியும் ஒருங்கே பயிற்சிக்குள்ளாகின்றன. இங்கு இரு திசையும் பொருந்தும். ஒன்று புணர்த்தல், மற்றொன்று பிரித்தல்.

4.4 குறிப்புகளை இணைத்தல்

இச்செயலிகளின் மற்றொரு சிறப்பு, ஒரு குறிப்பிலிருந்து வேறொன்றுக்கு இணைப்பிடுதல். அப்சிடியனில் ஒரு சொல்லை இரட்டைப் பகர அடைப்புக்குள் இட்டால், அப்பெயருடைய குறிப்போடு இணைப்பு ஏற்படும். சொல்வடிவம் தலைப்போடு முற்றும் ஒத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அடைப்புக்கு வெளியே பன்மை விகுதியைச் சேர்த்தாலே போதுமானது. தமிழில் மரம் என்பது மரங்கள், மரத்தில் என அடியே திரிவதால், தலைப்போடு நேர்குத்துக் கோட்டையும் அதன்பின் திரிந்த வடிவையும் எழுதியே இணைக்க வேண்டியுள்ளது. இவ்வுழைப்பைத் தவிர்க்க விரும்புவோர் தலைப்பு வடிவம் சிதையாதவாறு தொடர்களை அமைக்கத் தொடங்குகின்றனர். கருவிக்கு ஏற்ப உரைநடை வளைந்துகொடுக்கும் இப்போக்கு கவனிக்கத் தக்கது.

5. விடையின் எழுத்துவடிவம்

விடையைத் தட்டச்சு செய்து ஒப்பிடும் வசதி ஆங்கியில் உண்டு. தமிழில் ஒரே தோற்றமுடைய விடை வெவ்வேறு குறியேற்றத்தில் அமையக்கூடும். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறி கொண்டும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இவையிரண்டும் நிகரானவை என யூனிகோடு வரையறுத்துள்ளமையால், ஒருமையாக்கம் செய்யும் செயலியில் இடர் இல்லை. ஆனால் 'கௌ' என்பதற்கு மாறாகக் ககர எகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துக் 'கெள' என எழுதும் பிழை அத்தகையதன்று. பல எழுத்துருக்களில் வேறுபாடு புலப்படாவிடினும் கணினிக்கு அவை வேறு சொற்கள். மேலும் கறுப்பு, கருப்பு என இருவகையாகவும் வழங்கும் சொற்களில், அட்டை எழுதியவர் தேர்ந்த ஒன்றே சரியென்றாகிறது. மொழி ஏற்கும் வழக்கைக் கருவி தவறென்று தீர்ப்பளிக்கும் நிலை இது.

6. இருமொழி அட்டையும் மொழிபெயர்ப்பாளரும்

மேற்கூறியவை அட்டையின் வடிவம் பற்றியன. மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தவரை பொருள் பற்றிய சிக்கலே பெரிது. ஒரு மொழிச் சொல்லை இடப்பக்கமும் மறுமொழிச் சொல்லை வலப்பக்கமும் எழுதி இரட்டை முக்காற்புள்ளி இடுவது, இரண்டும் முற்றொத்தவை என்று கூறுவதாகும். இந்திய மொழிகளுக்குள்ளேயே இக்கூற்று பொய்க்கும் இடங்கள் பல.

இந்தியில் 'கல்' என்னும் சொல் நேற்று, நாளை ஆகிய இரண்டையும் குறிக்கும். எது என்பதை வினையின் காலமே உணர்த்தும். தமிழிலிருந்து இந்திக்குச் செல்லும் அட்டைகள் இரண்டும் ஐயமற்றவை. திருப்பினால் இரண்டும் பிழைபடும். கன்னடத்தின் 'நாவு' என்பதற்குத் தமிழில் நாம், நாங்கள் என இரு நிகரன்கள் உண்டு. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என அவ்வேறுபாடு உள்ளதால், தமிழ்-தெலுங்கு அட்டை இரு திசையிலும் நிற்கும். ஆகவே திசை என்பது மொழியிணையைப் பொறுத்தது. அதைச் செயலி அறியாது.

வினைச்சொற்களில் இது மேலும் கூடுகிறது. படம் எடுத்தல், விடுப்பு எடுத்தல், பசி எடுத்தல் ஆகியவற்றில் 'எடு' என்பதற்குத் தனித்த ஒரு நிகரன் இல்லை. இந்தியில் பசி 'லக்னா' என்னும் வினையோடு வரும். அட்டையின் அலகு வினையடியாக இருத்தல் கூடாது. பெயரும் வினையும் சேர்ந்த தொடராக இருத்தல் வேண்டும். வோஸ்னியாக் 1999இல் தொகுத்த இருபது விதிகளுள், அட்டையில் கூறும் செய்தி இயன்ற அளவு சிறிதாயிருக்க வேண்டும் என்பது புகழ்பெற்றது. மொழிக்கு அவ்விதியைப் பயன்படுத்துவோர், மிகச் சிறிய அலகு சொல்லே என்று கருதிவிடுகின்றனர். பொருள் நிலைபெறும் மிகச் சிறிய அலகே மொழிபெயர்ப்பாளருக்குச் சிறியது. அது பல வேளைகளில் சொல்லினும் பெரியது.

கலைச்சொற்களில் ஒன்றுக்கொன்று நேரான நிகரன் இருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. அங்கும் வழக்கு வேறுபாடு குறுக்கிடுகிறது. இயற்பியலில் திசை சாராத 'ஸ்பீட்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வேகம் என்றும், திசை சார்ந்த 'வெலாசிட்டி' என்பதற்குத் திசைவேகம் என்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல் வழக்கில் முன்னது கதி, பின்னதே வேகம். அதாவது வேகம் என்னும் ஒரே சொல் இரு நாட்டு மாணவர்க்கும் இருவேறு கருத்தைச் சுட்டுகிறது. வழக்கைக் குறிக்காமல் 'வேகம்' என்று எழுதிய அட்டை, ஒரு நாட்டு வாசகருக்கான மொழிபெயர்ப்பில் சரியாகவும் மற்றொரு நாட்டு வாசகருக்கான மொழிபெயர்ப்பில் அறிவியற் பிழையாகவும் முடியும்.

இப்பிழைகளின் விளைவு ஏன் கடுமையானது என்பதை இடைவெளிக் கணக்கே விளக்கும். காரணி 2.5இல் மாறாது நின்றால், ஓர் அட்டை 1, 6, 15, 38, 95 நாள் இடைவெளிகளில் தோன்றும். ஆக, 155 நாட்களில் ஐந்து முறை கற்பவர் அதே நிகரனை நினைவுகூர்ந்து, சரி என்று தமக்கே மதிப்பெண் இட்டுக்கொள்கிறார். நூலில் ஒருமுறை படித்த தவறு மறந்துபோகலாம். அட்டையில் எழுதிய தவறு மறக்கவே முடியாதபடி காக்கப்படுகிறது. சரியானதைக் காக்கும் அதே பொறிமுறையே பிழையையும் காக்கிறது. அரைகுறையான நிகரன் தயக்கமின்றி நாவில் வரும்போது, மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் புரட்டுவதை நிறுத்திவிடுகிறார். தயக்கம் அவர் தொழிலின் பாதுகாப்பு. அதுவே முதலில் இழக்கப்படுகிறது.

7. நிகண்டுகள் காட்டும் வழி

சொற்பொருளை மனப்பாடம் செய்வதற்கென்றே அமைந்த நூல்வகை தமிழில் நெடுங்காலமாக உண்டு. திவாகரம் முதலிய நிகண்டுகள் செய்யுளில் இயற்றப்பட்டவை. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் அவற்றை ஓதி மனத்திற்கொண்டனர். அவற்றின் பகுப்பு இக்கட்டுரைப் பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. திவாகரத்திலும் மண்டலபுருடரின் சூடாமணியிலும் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. முதல் பத்தும், தெய்வம், மக்கள், விலங்கு எனப் பொருளை முன்வைத்து அதற்குரிய பல பெயர்களைத் தொகுக்கின்றன. பதினோராவது, ஒரு சொல்லை முன்வைத்து அதன் பல பொருள்களைத் தொகுக்கிறது. பன்னிரண்டாவது, எண்ணால் தொகுக்கப்பட்ட கூட்டங்களைக் கூறுகிறது.

பொருளிலிருந்து சொல்லுக்கும், சொல்லிலிருந்து பொருளுக்கும் செல்லும் வழிகள் ஒன்றையொன்று திருப்பிப் போட்டவை அல்ல என்னும் தெளிவு இப்பகுப்பில் உள்ளது. திசை மாறும்போது செய்யுளே வேறாக இயற்றப்பட்டது. அன்றியும் சூடாமணியின் பதினோராம் தொகுதி எதுகை வரிசையில் அமைந்து, நினைவுக்குத் துணையாக ஒலியொழுங்கையும் தந்தது. ஒரு வரியை எழுதி இரு திசையிலும் வினவலாம் என்று இன்றைய செயலி கருதும் இடத்தில், நிகண்டு ஆசிரியர்கள் இரு தனிப் பணிகளைக் கண்டனர்.

8. செய்யத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து, பயிற்சி அளிப்போர் மேற்கொள்ளத்தக்க சில நெறிகளைப் பெறலாம். குறிப்பு எழுதும்போதே அட்டைக்குறி இடுவதைத் தவிர்த்து, ஒரு நாள் கழித்து மீண்டும் படித்து, வினாவாகத் தக்க வரிகளை மட்டும் தெரிவு செய்யலாம். ஒருமை உறவுடைய வரிக்கு மட்டுமே இருதிசைக் குறி இடல் வேண்டும்; உள்ளடங்கல் உறவுக்கு ஒருதிசைக் குறியே பொருந்தும். வினாச்சொல்லை வெளிப்படையாக எழுதுதல் நன்று. இருமொழி அட்டையில் தனிச்சொல்லுக்கு மாறாகத் தொடரை இடுதலும், துறை, நாடு, வழக்கு ஆகியவற்றை வினாப் பக்கத்திலேயே குறித்தலும் இன்றியமையாதன. ஒரு சொல்லுக்குப் பல நிகரன்கள் உண்டெனில், 'எத்தனை? எவை?' என வினவும் அட்டை ஒன்றும், ஒவ்வொன்றையும் சூழலோடு வினவும் அட்டைகள் தனித்தனியேயும் அமையலாம்.

9. முடிவுரை

குறிப்பு என்பது எழுதியவர் தமக்கே கூறிக்கொள்ளும் கூற்று. சூழல் அதனுள் மறைந்து நிற்கும். வினாவோ சூழலை இழந்த பின்னும் விளங்க வேண்டிய கூற்று. இவ்விரண்டும் வேறுபட்ட மொழிச்செயல்கள். இரண்டையும் ஒரே வரியில் இணைக்கும் செயலிகள் கற்போரின் நேரத்தைச் சேமிக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டிய பகுப்பாய்வை அவை செய்துதருவதில்லை. அப்பகுப்பாய்வு தேவையில்லை என்னும் தோற்றத்தையே தருகின்றன. புணர்ச்சியாலும் திரிபாலும் உயிர்மெய் எழுத்தாலும் தமிழ் இத்தோற்றத்தை எளிதில் கலைத்துவிடுகிறது. அதனைத் தமிழின் குறையென்று கருதுவதைவிட, எவ்விடத்தில் வெட்டலாம், எத்திசையில் வினவலாம் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கச் செய்யும் அறிவுறுத்தலாகக் கொள்ளுதல் பொருந்தும்.